பூரணி எடை இறக்கிய கதை

பூரணிக்குப் பசி பொறுக்காது. மத்தியான மணி அடிப்பதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிற ரகம். அப்படிப்பட்டவளைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் பயப்பட வேண்டிய ஒரு விளையாட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டவர் செங்கல்வராயன் மாஸ்டர். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில், நிரம்பிய கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியவளை எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டார். மறுநாளே அவள் அப்பாவிடம் வந்து நின்றார். "உன் பொண்ண என்கிட்ட வுடுப்பா, ஆளாக்கிக் காட்றேன்" என்றார். வேலூர், ஆம்பூர் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. இங்கே தெருவுக்கு ஒருத்தராவது பளு தூக்கியிருப்பார்கள், அவர்களில் யாருக்காவது அதனால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலையும் கிடைத்திருக்கும்.

இப்போது பூரணிக்கு இருபத்தாறு வயது. ரயில்வேயும் வரவில்லை, போலீஸும் வரவில்லை. ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியில் ஸ்ப்ரே செக்‌ஷனில் வேலை. காய்ந்த தோலை ஒவ்வொன்றாக மெஷின் மேல் விரித்துவிட வேண்டும். அது உள்ளே போய்ச் சாயம் பூசிக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வரும். சாயத்தில் பாதி தோலுக்கு, மீதி அங்கே நிற்கிறவர்களுக்கு. கறுப்பு லாட் ஓடுகிற அன்று மூக்கைச் சிந்தினால் கறுப்பு, சிவப்பு ஓடுகிற அன்று சிவப்பு. துப்பினால் கலர், குளித்தால் கலர். புதிதாக வரும் பெண்கள் முதல் வாரம் பயந்துபோய் அழுவார்கள். பல வருஷமாக அங்கே நிற்கும் பூவம்மாள் அக்கா சிரித்துக்கொண்டே, "மெஷின்ல இன்னா ஓடுதோ அதான் உனுக்கும் வரும், போ" என்பாள். பழகிய பிறகு யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் பின்னால் பூரணியை ஏமாற்றியது.

அதே கம்பெனியில் தோல் காயவைக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன் ஜோசுவா, அவள் புருஷன். காதல் கல்யாணம். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண், சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன் என்று இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு சலித்துப்போய் இறக்கிவிட்டார்கள். ஜோசுவா மெலிந்த ஆள். பெண்டாட்டி மேடையில் பளு கோர்த்த இரும்புப் பாரைத் தூக்கும்போது கீழே நிற்கும் இவனுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். மனசு அநியாயத்துக்கு இளகியது. ஒருதடவை அவன் பைக்கில் கோழிக்குஞ்சு ஒன்று அடிபட்டுச் செத்தது. குஞ்சின் சொந்தக்காரியே "போனா போவுது வுடுப்பா" என்று சொல்லிவிட்டாள். இவனோ பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் பைக்கையே விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தான். பூரணி இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைப்பாள்.

அவள் தூக்குவது ஐம்பத்தெட்டு கிலோ பிரிவு. உடம்போ அறுபதைத் தாண்டித்தான் நிற்க ஆசைப்படும். போட்டி நெருங்கினால் எடையை இறக்க வேண்டும். மற்றவர்கள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள், எச்சில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். மாஸ்டர் அதற்கெல்லாம் வழி சொல்லித்தர மாட்டார். "எடைக்கு வந்துடணும், அவ்ளோதான். எப்டி வந்தேன்னு நான் கேக்க மாட்டேன்" என்பார். கேட்காமல் இருப்பதைப் பெரிய கண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

பூரணிக்குக் கிடைத்த வழி வேறு யாருக்கும் கிடைக்காத வழி. கம்பெனியில் தோல்களைக் கிளிப் போட்டு இழுத்துக் கட்டிக் காயவைக்க ஓர் அறை இருந்தது. நீராவிக் குழாய் ஓடும் அறை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நெருப்பு மாதிரி காயும். சனிக்கிழமை மாட்டிய தோல்களைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜோசுவா தனியாகப் போவான். போன வருஷம் ஒருநாள் அவனுக்குச் சோறு கொண்டுபோனவள், கழற்றி முடித்த அந்த அறைக்குள் விளையாட்டாக நின்று பார்த்தாள். வெளியே வந்தபோது உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே வழி பிறந்துவிட்டது. போன சீசனில் அந்த வழியாகத்தான் எடைக்கு வந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போனதுதான் வினை.

இந்த வருஷம் அவசரம் அதிகம். மாவட்டப் போட்டி அந்த வெள்ளிக்கிழமை, அதற்கடுத்து மாநிலப் போட்டி. மாநிலத்தில் மெடல் வாங்கினால் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று மாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். பூரணி போட்டிக்கு முந்தைய சனிக்கிழமையே தண்ணீரை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை டிராக் சூட்டுக்கு மேல், தோல் கட்டு சுற்றிவரும் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். சும்மா உட்கார்ந்தால் போதாது என்று உள்ளேயே உட்கார்ந்து எழுந்து பயிற்சியும் எடுத்தாள். ஜோசுவா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையில் சர்ச்சில் பாடிய பாட்டைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தான். நடுநடுவே கதவைத் தட்டி, "போதுமா?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்சம் மாமா" என்றாள் அவள். மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதே பதில். அப்புறம் அவளுக்கே பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பதுபோல ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவை உதைத்தாள்.

வெளியே வந்து எடை பார்த்தார்கள். வந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமை வரை வாயைக் கட்டினால் போதும் என்று ஜோசுவாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. "வெயிட்டுக்கு வந்தா மெடல் வந்த மாதிரி" என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு நிற்கக் கால் இல்லை. சிரித்தாள்.

அன்று சாயங்காலமே தொடை இரண்டும் கல்லாக இறுகி வலித்தன. பளு தூக்குகிறவளுக்கு வலி புதிதா? மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அன்றைக்கு ஓடியது பிரவுன் லாட். பாத்ரூம் போனவளுக்குச் சிறுநீர் கொஞ்சமாக வந்தது, பால் ஊற்றாத டீயின் நிறத்தில். வந்து பூவம்மாள் அக்காவிடம் மெல்லச் சொன்னாள்.

"இன்னா ஓடுது மெஷின்ல? பிரவுனு. பின்ன நீலமா வரும்?" என்றாள் பூவம்மாள்.

"மூக்குல வரும்க்கா. இதுலயும் வருமா?"

"சூட்டு ஒடம்பு உனுக்கு. எளநீ குடி, செரியாப்பூடும்."

சாயம் மூச்சில் போகும், சளியில் வரும். சிறுநீரில் வராது. இது பூவம்மாளுக்கும் தெரியாது, பூரணிக்கும் தெரியாது. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடியிருப்பாள். இவள் நிம்மதியாகப் போய் மெஷினில் தோல் விரித்தாள். வீட்டுக்குப் போனதும் தாகம் தாங்காமல் தண்ணீர் குடித்தாள். வலிக்கு இன்னொரு மாத்திரையும் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சி ஷெட்டில் எடைமெஷினில் ஏறினாள். இறக்கிய எடை எல்லாம் திரும்பி வந்திருந்தது, கூடவே இன்னும் கொஞ்சம். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா பூரணி, கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தியா?"

"சத்தியமா ஒண்ணும் துன்னல மாஸ்டர். குமட்டுது. எதையும் பாக்கவே முடியல."

"துன்னாம எப்டி ஏறும்? காத்து ஏறிச்சா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பூரணிக்கு அழுகை வந்தது. அவள் உண்மையைத்தான் சொன்னாள். காலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வெளியே போகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் அதையெல்லாமா சொல்ல முடியும்? மறுநாள் அவளுக்கு முகம் வீங்கி, கண் இடுங்கிப் போயிருந்தது. ஜோசுவா "தூங்கலியா?" என்று கேட்டான். தூங்கவில்லை என்றாள்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் அவள் பாரைத் தூக்கவே இல்லை. குனிந்து கை வைத்தாள், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுமாறி, நின்று, மறுபடி அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. பார் உருண்டது, பூரணி அதன்மேலேயே சரிந்தாள். அவள் பிரிவுக்கு மேல் பிரிவில் தூக்குகிற நித்யஸ்ரீ, குடியாத்தம் தறிக்காரர் வீட்டுப் பெண், ஓடிவந்து தலையைத் தாங்கிக்கொண்டாள். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் நேராக வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது.

அங்கே அவளுக்குக் கழுத்தில் ஊசிக்குழாய் போட்டு டயாலிசிஸ் மெஷினில் இணைத்தார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய் இன்னொரு குழாய் வழியே திரும்பி வந்தது. ஜோசுவா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை. அடுத்த படுக்கைக்காரரின் மனைவி, கணியம்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், விசாரித்துவிட்டு, "எலிக்காய்ச்சலா இருக்கும்ப்பா. எங்க ஊர்லயும் ஒர்த்தருக்கு இப்டித்தான், கிட்னி நின்னுபூட்ச்சி" என்றாள். ஜோசுவாவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவது டயாலிசிஸ் முடிந்த பிறகு பூரணிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. டாக்டர் ரஃபத் ஜஹான் வந்து படுக்கையோரம் உட்கார்ந்தார். மேல்விஷாரத்துக்காரர், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. ஜோசுவா மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"பூரணி, உங்க சதை நொறுங்கியிருக்கு. அந்தக் கழிவு எல்லாம் ரத்தத்துல கலந்து கிட்னிய அடைச்சிடுச்சி. எலிக்காய்ச்சல் டெஸ்ட்டுல அது இல்லன்னு வந்துடுச்சி. சும்மா வெயிட் தூக்குனா இவ்ளோ ஆவாது. வேற இன்னா பண்ணீங்க?"

பூரணி கதவுப் பக்கம் ஒருதடவை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அறை, பிளாஸ்டிக், தண்ணீர் குடிக்காதது, வலி மாத்திரை, டீ நிறம். டாக்டர் ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"அந்த ரூம்தான். அதுக்கு மேல அந்த மாத்திரை. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா நாம இப்போ பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியணும்."

"வேணாம் மேடம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் பூரணி. "அவருதான் கதவ சாத்தினாரு. அவருக்குத் தெரிஞ்சா அவரு உயிரோட இருக்க மாட்டாரு மேடம். நான் சொல்றேன். வூட்டுக்குப் போனதும் நானே சொல்லிக்கிறேன்."

"கிட்னி திரும்புமா திரும்பாதான்னு இன்னும் கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும். திரும்பலன்னா வாழ்க்கை பூரா இந்த மெஷின். அதையும் சொல்லித்தானே ஆவணும்?"

"அப்போ சொல்றேன்."

டாக்டருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நோயாளியின் பேச்சை மீற முடியாது என்று எழுந்து போனார். அவனுக்காகத்தான் மறைத்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கோழிக்குஞ்சுக்கே பைக்கை விற்றவன் இதைத் தாங்க மாட்டான் என்பது நிஜம். ஆனால் அவனுக்குத் தெரிந்தால் இனி ஜென்மத்துக்கும் தன்னைப் பார் பக்கம் விடமாட்டான் என்ற பயமும் அவளுக்குள் இருந்தது. கழுத்தில் குழாயோடு படுத்திருக்கிற நேரத்திலும் அவளுக்கு அந்தப் பயம் இருந்தது. அப்படிப்பட்ட பைத்தியம் அந்த இரும்பின் மேல்.

ஆக, ஜோசுவா எலிக்காய்ச்சலை நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் மூலை முடுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தான். பொறி வாங்கி வைத்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் பஸ் பிடித்து வேலூருக்கு வந்து, எத்தனை எலி விழுந்தது என்று அவளிடம் சொன்னான். "உன்ன இந்தப் பாடு படுத்தினதுங்கள ஒண்ணுகூட வுட மாட்டேன்" என்றான். பூரணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை.

தினமும் காலையில் நர்ஸ் எடைமெஷினை உருட்டிக்கொண்டு வருவாள். இத்தனை வருஷமும் எடைமெஷினைக் கண்டு பயந்தவளுக்கு இங்கேயும் அதே பயம்தான் வாய்த்தது. உள்ளே போகிற நீர் வெளியே போகாததால் எடை ஏறியது. ஏற ஏற மூச்சு வாங்கியது. மெஷினில் போட்டு இறக்குவார்கள், இரண்டு நாளில் மறுபடி ஏறும். குடிக்கத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்த பூவம்மாள் அக்கா வெட்டிய இளநீரோடு வந்தாள். நர்ஸ் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். "இதுல இருக்கற பொட்டாசியம் உள்ள போச்சுன்னா இவங்க நெஞ்சு நின்னுடும்மா!" என்று அவள் கத்தினதில் பூவம்மாளுக்கு முகம் வெளுத்துப்போனது. தான் அன்றைக்குச் சொன்ன இளநீர் யோசனை அவளுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாவட்டப் போட்டி அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. மாஸ்டர் வந்தார். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கி வந்திருந்தார். அதைக் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டேட்டுக்கு ஐம்பத்தெட்டுல நம்ம பக்கம் யாரும் இல்லாம போவுது பூரணி. நித்யாவ எறக்கலாம்னு பாக்கறேன். அவளோட வெயிட்டுல சென்னைப் பொண்ணு ஒண்ணு யானை மாதிரி இருக்கு, அங்க மெடல் கெடைக்காது. உனக்கு வருத்தம் இல்லியே?"

"எறங்கட்டும் மாஸ்டர். நல்லா தூக்குவா" என்றாள் பூரணி. வருத்தம் இருந்தது. ஆனாலும் நித்யஸ்ரீதான் அன்றைக்குத் தலையைத் தாங்கியவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"எறங்கறதுக்கு ஜாஸ்தி இருக்குது அவளுக்கு. வந்துடுவா. எப்டின்னு நான் கேக்க மாட்டேன்" என்று எழுந்தார் மாஸ்டர்.

பூரணி அந்த வார்த்தையைக் காதில் வாங்கினாள், ஆனால் மனசில் வாங்கவில்லை. அவள் கவனம் எல்லாம் படுக்கைக்கு அடியில் தொங்கும் பையின் மேல் இருந்தது. சிறுநீர் வந்தால் குழாய் வழியாக அந்தப் பையில்தான் விழ வேண்டும். விடிந்தால் முதல் வேலை அதைக் குனிந்து பார்ப்பது. காலிப் பை. மறுநாளும் காலி. டாக்டர் ரஃபத் ஜஹான் வரும்போதெல்லாம் பையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவார். ஒருநாள், நிரந்தர டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை அறுத்து இணைப்பதைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் அவர் பேசுவது கேட்டது. பூரணி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கையில் அப்படிச் செய்துவிட்டால் பிறகு வாழ்நாளில் பாரைத் தலைக்கு மேல் தூக்க விடமாட்டார்கள் என்று அடுத்த படுக்கையில் யாரோ சொன்னார்கள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஜோசுவாவின் அம்மா பகலில் துணைக்கு இருந்தாள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, மருமகள் கேட்காமலே அவள் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணுவாள். மருமகளும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எந்தச் சாமி காதில் விழுந்தாலும் சரி என்ற இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் பையைப் பார்த்துவிட்டு நின்றாள். "அக்கா" என்று கூப்பிட்டாள். பூரணி கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். பையின் அடியில் கொஞ்சம் நீர். டீ நிறம் இல்லை, வைக்கோல் நிறம். மத்தியானத்துக்குள் அது இன்னும் ஏறியது. டாக்டர் லீவு நாளிலும் வந்து பார்த்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தார். "ஆரம்பிச்சிடுச்சி. முழுசா சரியாவ மாசக்கணக்கு ஆவலாம், ஆனா திரும்புது" என்றார். மாமியார் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பூரணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இதை ஜோசுவாவிடம் அவளே சொல்ல வேண்டும். அவன் இன்னும் வந்திருக்கவில்லை.

"அத்த, அவரு எங்க?"

"சர்ச்சு முடிச்சதும் கம்பெனிக்குப் போனான்மா. தோலு கழட்டணுமாம். சாயந்தரமா வந்துடுவான்."

போனைப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுத்தான்.

"மாமா! வந்துட்ச்சி! பையில வந்துட்ச்சி! டாக்டர் பாத்துட்டு சிரிக்கறாங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து அவன் போட்ட கூச்சல் வார்டு முழுக்கக் கேட்டது. "கர்த்தரே! கர்த்தரே!" என்றான். அழுதான். மூக்கை உறிஞ்சினான். "இரு, இரு, நித்யாகிட்டயும் சொல்றேன். இங்கதான் இருக்கா. தெனம் உன்ன கேக்காத நாள் இல்ல அந்தப் பொண்ணு."

"நித்யாவா? கம்பெனில அவளுக்கு இன்னா வேல?"

"வெயிட்டுக்கு வரணுமே. நாலஞ்சு கிலோ எறக்கணுமாம், பேஜாராவுதுண்ணான்னு கண்ணு கலங்கினா. நாந்தான் வாம்மான்னேன். உனக்குப் பண்ணமாதிரியே பிளாஸ்டிக் எல்லாம் சுத்திவுட்டேன். உள்ள இருக்கா. கெட்டிக்காரி, உன்னவிட ஜாஸ்தி நேரம் தாங்கறா."

பூரணிக்கு வார்டே சுற்றியது. ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருந்தால் அந்தக் கதவு இன்றைக்குத் திறந்தே கிடந்திருக்கும். அதைச் சொல்லாமல் இத்தனை நாள் எலிக்கதை கேட்டுக்கொண்டு படுத்திருந்தோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"மாமா, கதவத் தொற."

"இன்னும் கொஞ்சம்னு சொன்னா..."

"தொற மாமா! அந்த ரூம்தான்! எனுக்கு எலிக்காய்ச்சல் இல்ல. அந்த ரூம்ல இருந்ததாலதான் எனுக்கு கிட்னி போச்சி. தொற!"

மாமியார் எழுந்து நின்றுவிட்டாள். போனில் ஸ்டூல் விழும் சத்தம் கேட்டது. ஜோசுவா ஓடுவது கேட்டது. இரும்புக் கதவு இழுபடும் சத்தம். "நித்யா! நித்யா!" என்று கத்தினான். பதில் இல்லை. பூரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நித்யா!" என்றான் மறுபடியும். அப்புறம், குழறின குரல் ஒன்று மெதுவாக வந்தது. "அண்ணா... எதுக்குத் தொறந்தீங்க... காலு எந்திரிக்க வரலண்ணா..."

"தூக்கினு வெளிய வா" என்று பூரணி கத்தினாள். "பிளாஸ்டிக்க பிரி. தண்ணி ஊத்து அவ மேல. கொஞ்சங்கொஞ்சமா குடிக்கக் குடு. வலிக்குதுன்னா மாத்திர ஒண்ணும் வாணாம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு நேரா இங்க கூட்டினு வா. இங்க டாக்டருக்கு எல்லாம் தெரியும்."

அவன் சொன்னபடியெல்லாம் செய்துகொண்டிருந்தான் போலிருக்கிறது. பிளாஸ்டிக் கிழிபட்டது, குழாயில் தண்ணீர் கொட்டியது. வேறு யாரையோ கூப்பிட்டான், பாய்லர் ஆளாக இருக்கும், அவன் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்வது கேட்டது. பிறகு போனுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியது.

"பூரணி" என்றான் கடைசியில். "அப்போ உன்ன... நான்தானா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் வாய்வரை வந்தது. இத்தனை நாளும் அதைத்தான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாமா" என்றாள்.

அவன் போனைத் துண்டிக்கவில்லை. எங்கோ கீழே வைத்துவிட்டான். தரையில் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது. நித்யஸ்ரீ அழுதுகொண்டே, "இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா, அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது கேட்டது. ஜோசுவா அவளுக்குப் பதில் சொல்லவே இல்லை.